தடுப்பில்லாத மிஷின்

வலது கையில் இரண்டு விரல்கள் போனதால், மணிமேகலை சீட்டை இடது கையால் எழுதினாள். அரியமங்கலம் பட்டறையில் அந்த விரல்களை நசுக்கிய பிரஸ் மிஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்ற வைத்தவர் முதலாளி சிவசங்கர். அப்போதுதான் வேலை வேகமாக ஓடுமாம். இன்று விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். "நானே கழற்றினேன்னு சொல்லிடும்மா, மறுபடி வேலைக்கு எடுத்துக்கறேன்" என்று நேற்று வீடு தேடி வந்து கெஞ்சினார். அவள் தலையாட்டினாள். அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த கணவன் மாதவனுக்குத்தான் சீட்டு.

"ஏங்க, சாம்பார் அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நான் பட்டறைக்குப் போறேன். தலையாட்டினாத்தான் அவரே என்னை இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்துவாரு. அங்க எல்லாரும் கேக்க உண்மையச் சொல்லப் போறேன். அந்த ஆளு மூஞ்சி வெளுக்கறத நான் கிட்ட நின்னு பாக்கணும். வேலை முக்கியம், விட்டுடுன்னீங்க. என்னால முடியலங்க."

மடித்த சீட்டை மறுபடி பிரித்து, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"திட்டறதா இருந்தா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க.

என் இடத்துல இப்போ பவுனம்மாள் உக்காந்திருக்கா. இன்னும் தடுப்பு போடலை. இன்ஸ்பெக்டரை நேரா அவகிட்டதான் கூட்டிட்டுப் போவேன்."