என் முட்டிக்குள் ஷட்டர் இழுக்கிறவர்கள்

8 செப்டம்பர், திங்கள்

இன்று புடவைக் கடையில் ஓர் ஆண்ட்டி என்னிடம், "பச்சையில வேற இருக்கா மா?" என்றார். தலையாட்டினேன். இருக்கு என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியவில்லை. அவர் என்னோடு வேலை பார்க்கும் யோகேஸ்வரி அக்காவிடம் போய்விட்டார்.

தீபாவளி வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. எங்கள் தங்காக் ஊர் முழுக்க வெளியூர்க் கார்கள். என் வலது முழங்காலும் சூடு பிடித்துவிட்டது, பன் மாதிரி உப்பிக்கொண்டு. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு என்னைப் பள்ளியைவிட்டு நிறுத்தியது இந்தக் கால்தான். இப்போது வேலைக்கும் உலை வைக்குமோ?

11 செப்டம்பர், வியாழன்

மூட்டு கிளினிக். என் மூட்டில் கிருமி எதுவும் இல்லையாம். இல்லாத எதிரியோடு என் எதிர்ப்புச் செல்கள் சண்டை போடுகின்றனவாம்.

டாக்டர் மெலிசா சொன்னார்: "போதும், நிறுத்துங்கன்னு சொல்ற செல்லும் இருக்கு லோஷினி. ஒழுங்குபடுத்துற டி செல்."

எனக்கு மட்டும் இல்லையா என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. அவரே தொடர்ந்தார்.

"இந்த மாதிரி முட்டிக்குள்ள அதுங்க நெறையவே இருக்கும். ஆனா அங்க ஒரே சத்தம். சண்டை போடுறதுங்க காதுலயே வாங்காது. மாத்திரை அந்தச் சத்தத்தைக் குறைக்கும்."

உடனே யோகேஸ்வரி அக்கா ஞாபகம் வந்தது. கடை மூடும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு "அடைக்கப் போறோம்!" என்று கத்துவது அவர் வேலை. யார் கேட்கிறார்கள்? குனிந்து குனிந்து உள்ளே வருகிறார்கள். ஆக, என் முட்டிக்குள் ஒரு கூட்டம் யோகேஸ்வரிகள். தொண்டை வற்றக் கத்துகிறார்கள். பாவம்.

"வாரா வாரம் மாத்திரை சாப்பிடுறியா?"

அம்மா முந்திக்கொண்டார். "சாப்பிடுறா டாக்டர்."

"அப்ப மாத்திரை போதல. அடுத்த தடவையும் வீங்கியிருந்தா இன்னும் பலமான ஊசிக்கு மாறணும்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 செப்டம்பர்

சாப்பிடவில்லை. ஜூலையிலிருந்தே மாத்திரை சாப்பிடவில்லை. இதை எழுதத்தான் வருகிறது, சொல்ல வரவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

அம்மா சத்து மாவு விற்கிறார். ஆள் சேர்த்து விற்கிற வியாபாரம். டப்பாவில் பெரிய எழுத்தில் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்'. மாத்திரைத் தாளில் சின்ன எழுத்தில் 'எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்'. ஜூலையில் ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அலமாக்! இதுக்கா இவ்ளோ நாள் கியூல நின்னோம்?"

மாத்திரைகள் சாமி படத்துக்குப் பின்னால் போயின. எனக்குக் காலையும் மாலையும் மாவுப் பால். சண்டைக்காரர்களுக்கு விருந்து! மாவு வேலை செய்யாவிட்டால்தான் நான் பிழைத்தேன்.

அம்மா கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். போன மாதம் மாவு விற்பவர்கள் கூட்டத்தில் மேடையேறி, "எம் மவ இப்ப ஓடுறா!" என்றார். அழுதுவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில், நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாமல் நானும் தட்டினேன்.

27 செப்டம்பர், சனி

"அம்மா, அந்த மாத்திரை..."

பிளெண்டர்: கொர்ர்ர்ர்.

"என்னாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

3 அக்டோபர், வெள்ளி

புடவை மடிக்கத் தரையில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள். முதலாளி ஐயாசாமி நல்ல மாதிரிதான் சொன்னார்: "தீபாவளி முடிஞ்சோன வீட்டுல ரெஸ்ட் எடு மா." இந்த ரெஸ்ட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா எனக்கு?

யோகேஸ்வரி அக்காவுக்கு இன்று தொண்டை கட்டிவிட்டது. கத்த முடியவில்லை. அதனால் கடையில் ஓடிய பாட்டை நிறுத்தினார். பாதி விளக்கை அணைத்தார். பிறகு காற்று மாதிரி ஒரு குரலில், "அடைக்கிறோங்க." அவ்வளவுதான். எல்லாரும் போய்விட்டார்கள்!

4 அக்டோபர், சனி

பிளெண்டர் சுவிட்சை அணைத்தேன்.

"கரண்டு போச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. நான்தான்."

வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஷட்டர் கதையைச் சொன்னேன். "சண்டை போடுறவங்கள அடக்கத்தாம்மா அந்த மாத்திர. எனக்கு மாவு வேணாம்மா."

அம்மா வெகுநேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் மேடையில சொன்னது?"

"நான் ஓடலம்மா."

அம்மா சாமி படத்துப் பக்கம் போனார். கும்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். படத்துக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரையைத் துழாவினார்.

"டாக்டர்கிட்ட நீயே சொல்லு. எனக்கு வெக்கமா இருக்கு."

இவருக்கு வெட்கமாம்!

9 அக்டோபர், வியாழன்

சொன்னேன். குரல் கொசு மாதிரிதான் வந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். திட்டவில்லை. "ரத்தம் பாத்துட்டு மாத்திரையையே திரும்ப ஆரம்பிப்போம். ஊசி இப்ப வேணாம். உடனே கேக்காது, ரெண்டு மூணு மாசம் ஆகும்."

22 அக்டோபர்

வேலை போகவில்லை. யோகேஸ்வரி அக்கா முதலாளியிடம் பேசி எனக்குக் கல்லாப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்துவிட்டார். தொண்டை சரியாகிவிட்டது போல.

13 டிசம்பர், சனி

அக்கா லீவு. ஷட்டர் பொறுப்பு என் தலையில். பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, கொக்கி மாட்ட மெதுவாகக் குனிந்தேன். முட்டி மடங்கியது. சும்மா இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தேன்.

ஓர் ஆண்ட்டி நுழையப் பார்த்தார். "அடைச்சாச்சுங்க ஆண்ட்டி."

"என்னா மா? கேக்கல."

திரும்பவும் சொன்னேன்.

வெளியே மோட்டார் சைக்கிளில் அம்மா காத்திருந்தார். கூடையில் மாவு டப்பா. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரா? திறந்து பார்த்தால் முறுக்கு.