கோட்டை வாசல் பாட்டில் ஒரு மூச்சு

இன்று காலை அரிதாரப் பெட்டியைத் திறந்ததும் பவுடரும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. டி.வி. நேரலை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. செல்வி வேஷம் கலைத்த துணியைத் துவைக்காமல் அப்படியே உள்ளே திணித்து வைத்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் அவளுக்கு நல்ல அர்ச்சனை நடந்திருக்கும். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்து வைத்தபடியே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன் மகளுக்கு நான் ராணி வேஷம் கொடுக்கவில்லை.

கோபப்படாமல் முழுக்கக் கேள். பங்குனியில் லோக்கல் சேனல் தம்பி ஒருவர் திண்டிவனத்தில் என் வீடு தேடி வந்தார். பழைய பாட்டு நாடகம் ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்திலிருந்து நேரடியாகக் காட்ட வேண்டுமாம். சிரிப்பு நாடகமாக இருந்தால் நல்லது என்றார். நான் ராணி நாடகம்தான் என்றேன். அதற்கும் ஒத்துக்கொண்டு, மெல்ல அடுத்ததை எடுத்தார்.

"பாட்ட முன்னாடியே ரெக்கார்ட் பண்ணிக்கலாம்ங்க மேடம். அன்னிக்கு வாய் மட்டும் அசைச்சா போதும்."

"வாய் அசைக்கிறதுக்கு நாங்க எதுக்கு தம்பி? கடையில பொம்மை விக்குது, ஜல்தியா வாங்கியாந்து நிக்க வைங்க" என்றேன். உன்னோடு முப்பது வருஷம் பழகினவளுக்கு வாய் மட்டும் எப்படிக் குறையும்?

எந்த ஊருக்கு எந்த நாடகம் என்று நீயும் நானும் பஸ்ஸில் போட்ட சண்டைகளை நினைத்துக்கொண்டேன். மல்லாட்டைக் கடலை அறுவடை முடிந்த ஊரில் ஜனங்கள் சிரிக்கத்தான் வருவார்கள் என்பேன் நான். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அழுவறதுக்கும் அவங்களுக்கு நேரம் குடுடி" என்பாய். கடைசியில் ராணி நாடகமே நடக்கும். பெற்ற பிள்ளையோடு அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்டவள் திரும்பி வந்து, மூடிக் கிடக்கும் கோட்டை வாசலில் நின்று பாடுவாள். அந்தப் பாட்டின் நாலாவது அடி மேலே ஏறி, அங்கேயே நின்று, பிறகு ஒரே மூச்சில் இறங்க வேண்டும். நீ பாடும்போது ஆர்மோனியப் பெட்டியில் என் விரலே ஒரு கணம் அஞ்சும்.

மயிலத்துத் திருவிழாவில் அது நடந்தது. உனக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது அடியில் மேலே போன குரல் சட்டென்று நின்றுவிட்டது. நீ மூச்சு வாங்கினாய். நான் யோசிக்கவேயில்லை. அந்த இடைவெளியைப் பெட்டியால் நிரப்பினேன், நீ பிடித்துக்கொண்டு இறங்கினாய். புதுசாக ஒரு சங்கதி போட்டிருக்கிறார்கள் என்று ஜனங்கள் கை தட்டினார்கள்.

வேஷம் கலைக்கும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாய். "நடுவுல மூச்சு வாங்கிட்டேன். ஒருத்தரும் கண்டுக்கல இல்ல? நீ பொட்டிய வச்சி மூடிட்ட."

"நல்லாதான்டி இருந்துச்சி."

"பொய் சொல்லாத. அவ கதவத் தொறன்னு சொல்றா. அங்க மூச்சு வாங்கினா பிச்ச கேக்கிற மாரி ஆயிடுது. ராணி எதுக்குடி பிச்ச கேக்கணும்?"

அதற்குப் பிறகு நீ மேடை ஏறவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். மருந்து வேளை மறந்தது, வந்து பார்த்தவர்கள் பெயர் மறந்தது, அந்த ஒரு மூச்சு மட்டும் உனக்கு மறக்கவில்லை.

இப்போது பூங்கொடி விஷயத்துக்கு வருகிறேன். விழுப்புரத்தில் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டே உன் மகள் இத்தனை நாளும் பாடிப் பழகியிருக்கிறாள். எனக்கே தெரியாது. யாருக்கு எந்த வேஷம் என்று பிரிக்கும் அன்று, மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். சேனல் தம்பியும் இருந்தார். பூங்கொடி உன் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கோட்டை வாசல் பாட்டை எடுத்தாள். முதல் அடியிலேயே பபூன் வேஷக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே நீ. அதே கனம், அதே இழுப்பு. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நாலாவது அடியில் மேலே போனாள், நின்றாள், மூச்சு வாங்கினாள். வாங்கிவிட்டு என் கையைப் பார்த்தாள். அந்த இடத்தில் பெட்டி வரும் என்று காத்திருந்தாள்.

மயிலத்தில் யாரோ போனில் எடுத்த பதிவை வைத்துத்தான் அவள் பாடம் பண்ணியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. உன் நோயையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருந்தாள். நான் அடைத்த ஓட்டையும் அவளுக்குப் பாட்டாகிவிட்டிருந்தது. என் விரல்கள் தாமாகவே ஆர்மோனியக் கட்டையை நோக்கிப் போயின. கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தடுமாறி, எங்கேயோ பிடித்து, இறங்கி முடித்தாள். அப்போதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து செல்வி பாடினாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து நம் குழுவுக்கு வந்தவள், உனக்குத் தெரியும், பத்து வருஷமாகத் தோழி வேஷம் கட்டுகிறவள். குரலில் நயம் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த அடியை ஏற்றி, நிறுத்தி, ஒரே மூச்சில் இறக்கினாள். கதவைத் திற என்று சொன்னாள்.

"செல்விதான் ராணி" என்றேன்.

சேனல் தம்பி பதறிப்போனார். "மேடம், அம்மா வேஷத்துல பொண்ணு நடிக்குதுன்னு விளம்பரம் குடுக்கலாம்னு இருக்கோம். செல்வியோட முகம் குளோசப்ல நிக்காதுங்க. பேஜாரு பண்ணாதீங்க."

"முகம் நிக்கலன்னா கேமராவத் தள்ளி வைங்க. பாட்டு நிக்கணும். இல்லன்னா வேற குழுவப் பாத்துக்கோங்க, நாங்க கெளம்பறோம்." நான் பெட்டியை மூடி உறையைப் போட ஆரம்பித்ததும்தான் அவர் வழிக்கு வந்தார்.

அவரைச் சமாளித்தது பெரிதில்லை. பூங்கொடி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். நீ போன பிறகு என்னை உரிமையோடு பெரிம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"அம்மா அப்டிதான் பாடுச்சி, பெரிம்மா."

"அது ஒடம்பு முடியாம பாடினது. நல்லா இருந்தப்ப உங்கம்மா அங்க மூச்சே வுடாது."

"நல்லா இருந்தப்ப நான் எங்க கேட்டேன்? ஹாஸ்டல்ல கெடந்தேன். அம்மா ஊர் ஊரா போய்க்கினு இருந்துச்சி. எனக்குன்னு கெடச்சது இந்தப் போனுல இருக்கிறது மட்டும்தான். அந்த மூச்சு வாங்கிற எடத்துலதான் எங்கம்மா இருக்குது. அதப் போய் தப்புன்ற."

ஆனாலும் சொன்னேன். "அத நீ வீட்ல வச்சிக்கோ. மேடையில ராணி நிக்கணும், உங்கம்மா நிக்கக் கூடாது. உங்கம்மாவே ஒத்துக்காது."

விழுப்புரம் பஸ் வந்தது. ஏறிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு என் போனையும் எடுக்கவில்லை.

நேரலை நன்றாக நடந்தது. செல்வி கேமராவைக் கண்டு முதலில் மிரண்டாள், கோட்டை வாசலுக்கு வந்ததும் சரியாகிவிட்டாள். அந்த அடி முடிந்ததும் ஒன்ஸ் மோர் என்று மண்டபம் கத்தியது. நேரமில்லை என்று சேனல் தம்பி கையைக் காலை ஆட்டினார், நான் பார்க்காததுபோல மறுபடி பெட்டியை எடுத்தேன். மண்டபத்து வாசல் பக்கம் மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொடி வரவில்லை.

நேற்று மத்தியானம் அவளிடமிருந்து போனில் ஒரு பதிவு வந்தது. பெரிம்மா என்றுகூட இல்லை. கோட்டை வாசல் பாட்டு, நாலாவது அடி மட்டும். மேலே போனாள், நின்றாள், ஒரே மூச்சில் இறங்கினாள். எங்கேயும் அறுபடவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு மூன்று தடவை கேட்டேன். அதில் நீ இல்லை. முழுக்க முழுக்க அவள்தான் இருந்தாள். நான் பிடிவாதமாகக் கேட்டது இதைத்தான், கிடைத்தும்விட்டது. உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சேனலில் தீபாவளிக்கு மறுபடியும் கேட்கிறார்கள். செல்வியும் பாடட்டும், பூங்கொடியும் பாடட்டும். எவள் கதவைத் திறக்கச் சொல்கிறாளோ அவளுக்குத்தான் வேஷம். உன் மகள் என்பதற்காக ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்றைக்கு அதை நானும் போனில் பதிவு பண்ணி அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

மயிலத்துப் பதிவை அவள் இனிமேல் கேட்பாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை. அதில் அந்த இடம் வந்ததும் என் பெட்டி அவசரமாக ஓடி வந்து உன்னை மூடிவிடுகிறது. எனக்குள்ளே மட்டும் நீ பாடும்போது நான் அங்கே வாசிப்பதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். நீ நின்று, நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்கிறாய்.