முதல் இருபது எழுத்து

இன்று காலை என் கணினித் திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. எழுதிய புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கொம்பைலரை அலுவலகத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பழைய புரோகிராமில் எழுத்துக்களைக் கொப்பி பண்ணும் strcpy என்ற சொல்லைக் காட்டி, இது இடம் போதுமா என்று பார்க்காது, பாதுகாப்பற்றது, வேறொன்றைப் பயன்படுத்து என்று அது எனக்குப் புத்தி சொன்னது. போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். பழைய ஆட்கள் அக்கறையில்லாமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஆட்கள் என்றால் நீயும்தானே. உன்னை அப்படிச் சொல்ல நான் எவனையும் விடமாட்டேன். அதனால்தான் வேலை நேரத்தில், அலுவலகக் கணினியிலேயே, இதை உனக்கு எழுதுகிறேன்.

சி என்ற கணினி மொழியோடு கூடவே வரும் அந்தச் சின்னப் பங்ஷன்களில் உனக்கு அப்படி ஒரு பிரியம். எழுத்துக்களை எண்ண ஒன்று, கொப்பி பண்ண ஒன்று, ஒட்ட ஒன்று, ஒப்பிட ஒன்று. அவற்றை யாராவது குறை சொன்னால் சண்டைக்கே போவாய். "அது சொன்னதைச் செய்யுது. சட்டி சின்னன் எண்டு ஊத்துற ஆளுக்கெல்லோ தெரியோணும்?" என்பாய்.

ஐந்து வருடத்துக்கு முந்திய கதை; இந்த நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒஸ்லோவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நம் நிறுவனம். நான் நிரந்தர ஊழியர், நீ தகுதிகாண் காலத்தில் இருந்தாய். நகரத்தின் ஓரத்தில் நீ குடியிருந்த அம்மருட்டிலிருந்து நிலக்கீழ் ரயிலில் வந்து, பனிச்சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், நேற்று விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவாய். எல்லோரும் காதோடு காதாகக் கதைக்கும் அந்த அலுவலகத்தில் உன் குரல் மட்டும் வாசல்வரை கேட்கும். மெதுவாகக் கதை என்றால், "ஏன், நான் களவே எடுத்தனான்?" என்று இன்னும் உரக்கக் கேட்பாய்.

அப்போது பாடசாலை முடிந்த பின்னும் அங்கேயே தங்கும் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று சமையலறைக்குச் சொல்லும் பட்டியல் அது. பெயர்கள் இரண்டு வழியில் வந்தன. பாடசாலையின் பழைய பட்டியல் ஒன்று, பெற்றோர் புதிதாகக் கொடுத்த விவரம் மற்றது. பழைய பட்டியல் இருபது எழுத்தோடு பெயரை வெட்டிவிடும். நோர்வேக்காரர் ஹன்சனுக்கும் ஒல்சனுக்கும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. நம்முடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயராக நிற்கும் அப்பாவின் பெயரை எழுதுவதற்குள்ளேயே இடம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரே தமிழ்ப் பிள்ளை ஓரிடத்தில் பாதிப் பெயரோடும் மற்ற இடத்தில் முழுப் பெயரோடும் நின்றது. முழுவதையும் ஒப்பிடும் strcmp, இது இரண்டு பிள்ளை என்றது.

உனக்கு அது பொறுக்கவில்லை. "எங்கடை பிள்ளையளை மட்டும் ரெண்டு ரெண்டாக் காட்டுது. பாத்துச் சிரிக்கப் போறாங்கள்," என்றாய். அதை எடுத்துவிட்டு, முதல் சில எழுத்துக்களை மட்டும் ஒப்பிடும் strncmp-ஐப் போட்டாய். எத்தனை எழுத்து என்பதற்கு இருபது என்று கொடுத்தாய். பட்டியல் சுத்தமாக வந்தது. பாடசாலைக்காரர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நம் பெயர்கள் வெட்டுப்படுவதைப் பார்த்து வளர்ந்த ஒருத்திதான் அந்த வரியை எழுதியிருப்பாள். அதில் இருந்த பிழையும் அவளுக்குத்தான் வந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். முந்திய வெள்ளிக்கிழமை, வழக்கம்போல அலுவலகம் முழுக்க வாஃபிள் சுடும் வாசனை. நீ சாப்பிடப் போகாமல், உன் மாடிக் கட்டடத்துப் பிள்ளைகளின் பெயர்களைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாய். உங்களுக்கு மேல்வீட்டில் தர்மகுலசிங்கம் குடும்பம். இரண்டு பெண் பிள்ளைகள். நம்மவர்கள் செய்வதுபோல ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே பெயர் வைத்திருந்தார்கள்: தனுஷியா, தனுஷிகா. நோர்வே வழக்கப்படி பட்டியலில் குடும்பப் பெயர் முன்னால். ஆங்கில எழுத்தில் தர்மகுலசிங்கம் முடியும்போதே இருபதில் பெரும்பங்கு போய்விடும். மூத்தவள் எதையும் சாப்பிடுவாள். இளையவளுக்குக் கச்சான் கடலை ஒன்று வாயில் பட்டாலும் மூச்சு அடைத்துவிடும். உன் புரோகிராம் இரண்டு பேரும் ஒருத்தி என்று முடிவுகட்டி, மூத்தவளை மட்டும் வைத்துக்கொண்டது.

"எடி, இஞ்சை வா," என்றாய். உன் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதேயில்லை. "நான் இந்தப் பிள்ளையை இல்லாமல் பண்ணிப்போட்டன்."

நேரே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறைக்குப் போனாய். இது என் பிழை, திங்கட்கிழமை கொடுக்கக்கூடாது என்றாய். பிறந்த திகதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், அதற்கு இரண்டு கிழமை வேண்டும் என்றாய். நம் திட்டத்தலைவர் குரலை உயர்த்தாத மனிதர். தட்டை வைத்துவிட்டு, ஒரு பாடசாலையில் இப்படிப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்டார். பெற்றோரிடம் சொல்லி ஒரு சின்னப் பெயராகக் கொடுக்கச் சொல்லலாமே, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் ஏதாவது இருக்கும்தானே என்றார். இருந்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"அவளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. சின்னதாக இருப்பது நாங்கள் ஒதுக்கிய இடம்தான்," என்று அவருடைய மொழியிலேயே சொன்னாய். அடுத்த மாதம் உன் தகுதிகாண் காலம் முடிகிறது என்பதை அவர் மிகவும் மரியாதையாக நினைவூட்டினார். நீ "நை" என்றாய். முடியாது என்பதற்கு அவர்களிடமும் ஒரு சின்னச் சொல் இருக்கிறது, அதைச் சொல்வதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

சரிபார்த்ததாக ஒரு நிரந்தர ஊழியரின் கையெழுத்து இல்லாமல் ஒப்படைக்க முடியாது, அது என் பொறுப்பு. தாளை அவர் என் பக்கம் நகர்த்தினார். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பி நகர்த்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இரண்டு கிழமை பிந்திப் போனது பட்டியல். அதில் அக்காவும் இருந்தாள், தங்கையும் இருந்தாள். அடுத்த மாதம் உன்னை அனுப்பிவிட்டார்கள். குழுவோடு ஒத்துப்போகத் தெரியாதவள் என்று காரணம் சொன்னார்கள். சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது, "போறது நான். நீ ஏன் அழுறாய்?" என்று என்னை ஏசினாய். பிறகு மேற்குக் கரையில், ஸ்தவாங்கர் நகரத்தில் எண்ணெய்க் கம்பனி வேலை. பிறகு அங்கேயே வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய், எழும்பவேயில்லை.

கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது கேட்டேன், அந்த வேலையை விட்டதற்கு ஒரு நாளாவது கவலைப்பட்டாயா என்று.

"நான் எங்கை விட்டனான்? அவங்களெல்லோ துரத்தினவங்கள்," என்று சிரித்தாய், சிரிப்பு இருமலில் முடிந்தது. கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சின்னவள் இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்றாய்.

எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. இந்த நிலையில் உன்னைப் பற்றி யோசிக்கமாட்டாயா என்று கத்தினேன். "என்னைப் பற்றி யோசிக்கிறபடியால்தானே கேக்கிறன்," என்றாய்.

எந்தப் புரோகிராமும் என் கையை விட்டுப் போகும் முன் அந்த அக்கா தங்கையின் இரண்டு பெயரையும் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றாக வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். சொல்லட்டும். பக்கத்து மேசைக்காரனிடமும் இன்று சொல்லிவிட்டேன், எச்சரிக்கை வராவிட்டாலும் பிழை இருக்கும், அதைத் தேடத் தெரிந்த ஒருத்தி இருந்தாள் என்று. சிரிப்பை நிறுத்திவிட்டான்.

போன சனிக்கிழமை அம்மருட்டுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் உன் வீட்டுக்கு வந்துபோன நாட்களில் நான் பார்த்திருந்த உன் மேல்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். நோர்வேஜிய மொழியில் சண்டை. இளையவள் ஒரு சொக்லேட்டைத் திருப்பி, என்னவெல்லாம் சேர்த்திருக்கிறது என்று பொறுமையாக வாசித்தாள். பிந்துகிறது என்று மூத்தவள் அவளை இடித்தாள். அவள் அசையவில்லை. வாசித்து முடித்து, அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். 

"தங்கச்சி, நீங்கள் எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏழாம் வகுப்பு, அன்ரி. ஏன் கேக்கிறீங்கள்?"

"ஒரு ஆள் கேட்டவ," என்றேன்.