வாப்பாட கதிரையில இருந்த பிள்ளை

என்ட வாப்பாவுக்கு,

உங்கட கபுறு வெளிச்சமா இருக்க துஆ கேட்டுக்கொண்டு எழுதுறன். நம்மட சனமும் வாசிக்கட்டும் எண்டுதான் பகிரங்கமா எழுதுறன். நேத்து நடந்ததுல என்ட நெஞ்சு இன்னும் அடங்கல்ல.

பல்கலைக்கழகத்துல பத்திரிகைத்துறை படிக்கிற ஒரு பிள்ளை, திருக்கோவில் ஊரு, சுகன்யா எண்டு பேரு, உம்மாவைப் பேட்டி எடுக்க வந்தா. வயசான ஒருத்தரிட வாழ்க்கையைக் கேட்டு எழுத வேணுமாம். நான் என்ட ஹாட்வெயார் கடையைப் பூட்டிட்டு வந்து உம்மாக்குப் பக்கத்துல இருந்தன். நீங்க போன பிறகு உம்மா எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி "ஓம்" எண்டுவா, அவ்வளவுதான். நானே பதில் சொல்லி அனுப்பலாம் எண்டு நினைச்சன்.

அந்தப் பிள்ளை முதல்ல கேட்டது, "உம்மா, நான் எங்க இருந்தா உங்களுக்கு லேசு?" வகுப்புல அப்படித்தான் பழக்கினதாம்.

உம்மா உங்கட கதிரையைக் காட்டினா. நீங்க மௌத்தானதுல இருந்து, மரியாதைக்கு அதை வெறுமையா விட்டு, நாங்க எல்லாரும் மற்றப் பக்கம்தான் இருக்கிறது.

"அது வாப்பாட கதிரை, தங்கச்சி" எண்டன்.

"அதாலதான் காட்டுறன். அந்தப் பக்கக் காதுதான் எனக்குக் கேக்கும்" எண்டா உம்மா.

அப்பதான் எனக்கு விளங்கிச்சு. ஆர் என்ன சொன்னாலும் அந்தக் கதிரையில இருந்து நீங்க உம்மாக்குத் திருப்பிச் சொல்லுவீங்க. "வாப்பா ரெண்டாம் தரம் செய்தி வாசிக்கிறாரு" எண்டு நாங்க பகிடி பண்ணுவம். நீங்களும் சிரிச்சிட்டு இருந்தீங்களே, வாப்பா?

பேட்டி தொடங்கிச்சு. உம்மா யோசிக்க, நான் முந்திப் பதில் சொன்னன். "அங்கிள், உம்மா யோசிக்கிறா. கொஞ்சம் பொறுங்க" எண்டா அந்தப் பிள்ளை. கடையில ஆள் சும்மா நிண்டா விலையைக் குறைச்சுக் கதைச்சுப் பழகினவன் நான். எனக்கு அந்த அமைதியைத் தாங்க ஏலாது. அவ பேனையை வெச்சிட்டுப் பாத்துக்கொண்டே இருந்தா. உம்மா கதைக்கத் தொடங்கினா, நிப்பாட்டவே இல்ல. நீங்க மாப்பிள்ளையா இந்த வீட்டுக்கு வந்த அண்டு வெக்கத்துல சோறு தின்னாம இருந்ததையும் சொன்னா.

கடைசியா அந்தப் பிள்ளை கேட்டா, "இந்த வீட்டை விட்டுப் போறது எப்படி இருக்கு, உம்மா?" வீட்டை ஃபோன் கடைக்கு வாடகைக்குக் குடுத்து, உம்மாவை என்ட வீட்டுக்குக் கூட்டிப் போறதை நான்தான் வாசல்ல அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வெச்சன்.

உம்மா என்னைத் திரும்பிப் பாத்தா. "எந்த வீட்டை?"

வீட்டைக் குடுக்கவா எண்டு நான் முதல்லயே கேட்டனான், வாப்பா. "ஓம்" எண்டவ. எந்தப் பக்கம் இருந்து கேட்டன்? சீமெந்துப் பையைத் தொடுற விதத்துலயே ஆள் வாங்குமா, வாங்காதா எண்டு சொல்லுவன். பெத்த உம்மாட "ஓம்" எனக்கு விளங்கல்ல. வேற என்னென்னத்துக்குத் தலையாட்ட வெச்சம்?

அந்தப் பிள்ளை போன பிறகு உங்கட கதிரையில இருந்து அதையே திரும்பக் கேட்டன், சத்தமா.

"கத்தாத மகன், இந்தக் காது செவிடில்ல. இது என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த வீடு. கடைக்காரனை வேற இடம் பாக்கச் சொல்லு."

"ஏன் உம்மா இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"செவிடி எண்டு தெரிஞ்சா என்னோட ஆர் கதைப்பாங்க? ஆருக்கும் சொல்லப்படாது எண்டு உன்ட வாப்பாட்டயும் வாக்கு வாங்கினன்."

கடைக்காரனுக்கு அப்பவே கோல் எடுத்து ஏலாது எண்டுட்டன். அவனுக்குக் கோபம்தான், பரவாயில்ல. இனி உங்கட கதிரை வெறுமையாக் கிடக்காது. அதுல இருந்து கேப்பன், உம்மா முடிக்கிற மட்டும் வாயைத் திறக்க மாட்டன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

உம்மாட நல்ல காதுப் பக்கம் இருக்கிற,
உங்கட மூத்த மகன்