பேசக்கூடாது என்ற தீர்மானம்

அன்பு மகள் சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை, உனக்கு அந்தக் குறைகூட இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே தொழிற்சங்கத்தில் கூப்பிடுகிறார்கள், சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் சித்தி செத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இப்போதா இதைக் கேட்பது என்று கோபம் வந்தது. பிறகு, வேறு யாரிடம்தான் கேட்பாய் என்று தோன்றியது.

சேர்ந்துகொள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளையில் மாட்டி என் கை வெந்தபோது, கவனக்குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். சங்கம்தான் சண்டை போட்டு வைத்தியமும் பார்க்க வைத்து வேலையையும் காப்பாற்றியது. தனியாகப் போய் நின்றிருந்தால் மேனேஜர் என்னை ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் வேலைநிறுத்தத்தின்போது, என்னோடு அதே கூடத்தில் இருந்த சித்தி வேலை செய்ய உள்ளே போனபோது எனக்கு அவ்வளவு ஆத்திரம். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, மருந்து நின்றுவிடும் என்று அழுதாள், தெரியும். ஆனாலும் உள்ளே போனவர்களோடு யாரும் பேசக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். பத்தொன்பது நாளில் கோரிக்கை ஜெயித்தது, எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம், பேச்சு மட்டும் திரும்பவில்லை. பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒரே உயரம் என்று சூப்பர்வைசர் என்னையும் சித்தியையுமே ஜோடி போட்டிருந்தார். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கையில் கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு முந்நூறு தடவை முகத்துக்கு முகம். இப்படிப் பதினோரு வருஷம். ஒருநாள் கிட்டே வந்தவள், காய்ச்சலாக்கா, முகமே சரியில்லையே என்று கேட்டாள். மூலையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்தான்.

போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில், செத்தவளுக்காகவாவது அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுந்து கேட்டேன். செயலாளர் பழைய நோட்டைத் தேடி எடுத்து வாசித்தார். வேலைநிறுத்தம் முடியும்வரை என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, சின்னு. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. மிச்ச வருஷமெல்லாம் என்னை யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். சங்கத்தின் மேல் பழியைப் போட்டு ஒரு பாட்டம் அழுது தீர்க்கலாம் என்று போனவளுக்கு அதற்கும் வழியில்லாமல் போனது. நீ சேர், கூட்டத்துக்குத் தவறாமல் போ, கை தூக்குமுன் முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேள். கோபம் வந்தால் நன்றாகத் திட்டிவிடு, திட்டினாலும் அது பேச்சுதானே.

கைகால் சுகத்தோடு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சித்தி மகளுக்கு மறக்காமல் ஒரு கடிதம் போடு. நான் போய்க் கதவைத் தட்டினேன், திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாத்திக்கொண்டாள்.

உன் அம்மா