யாரும் வாங்காத பெல்ட்

வியாழன் இரவு, தாராவி

எங்கள் தோல்பொருள் விற்பனை இணையதளத்தில் ஒரு பையைப் பார்ப்பவருக்கு, "இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்" என்று காட்டும் பகுதியை இன்று முடித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் டேட்டாபேஸில் ஒரு டாக்குமென்ட், அதாவது ஒரு தனிப் பதிவு. அந்தப் பொருளோடு சேர்ந்து விற்பனையானவற்றின் பட்டியல் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும்.

மேனேஜர் ராமநாதன் பார்த்தார்.

"விக்காம தேங்கின பெல்ட்டை அந்த லிஸ்ட்ல எல்லாத்துக்கும் மேல போட்டுடும்மா. யார் கேக்கப் போறா?"

"அதை யாருமே வாங்கலயே சார். 'விளம்பரம்'னு தலைப்பு போடுங்க, வைக்கேன்."

"நாளைக்குள்ள நான் சொன்னபடி முடி. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். "வேலை போயிட்டுன்னா?" என்றாள். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் பெல்ட்டைத் தனியாக, 'விளம்பரம்' என்ற தலைப்பின் கீழ் வைத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். வேண்டாமென்றால் அந்தச் சொல்லை அவரே தன் கையால் அழிக்கட்டும்.