வெண்டெலின் கட்டடத்துக்கு என் ஓட்டு

ஹார்மன் கார்னர்ஸ், விஸ்கான்சின்
ஏப்ரல், புதன்கிழமை

அன்புள்ள ஜோலீனுக்கு,

நீயும் குட்டி டோபியும் சுகம்தானே? நெவாடாவில் இந்நேரம் வெயில் தொடங்கியிருக்கும். இங்கே வேலியோரம் பனி இன்னும் அழுக்காகக் கிடக்கிறது.

டவுன் ஃபிளாட்டுக்கு ஃபோன் போட்டுப் போட்டு நீ பயந்திருப்பாய். நான் அங்கே இல்லை. மார்ச் தொடக்கத்திலேயே நம் பண்ணை வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ஃபோனை எப்போதோ வெட்டிவிட்டார்கள், அதனால்தான் கடிதம்.

காரணம் ஓட்டு. புதிய பள்ளிக் கட்டடம் கட்டலாமா, அதற்காக நிலவரியை இருபது வருஷத்துக்கு ஏற்றலாமா என்று நேற்று வாக்கெடுப்பு நடந்தது. நிலம் இங்கே இருப்பதால் வரி நான் கட்ட வேண்டும். ஆனால் குடியிருப்பது இந்தப் பள்ளி வட்டாரத்துக்கு வெளியே, டவுனில் என்பதால் எனக்கு ஓட்டு இல்லையாம். ஒரு மாசமாவது இங்கே குடியிருந்தால்தான் பெயர் சேர்ப்பார்கள். ஊர் அலுவலக டெப் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் ஆர்டிஸ், ஒரு ஓட்டுக்காகவா அந்தக் குளிர்ல போய்ப் படுக்கப்போறே? பைப்பெல்லாம் வெடிச்சுக் கெடக்குமே!" என்றாள். வெடித்தால் வெடிக்கட்டும், நீ பெயரை எழுது என்றேன். விறகடுப்பும் மூன்று கம்பளியுமாகக் காலம் தள்ளினேன். முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது.

சராசரி வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு காப்பிக் காசுதான் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். நமக்கு வீடு மட்டுமா இருக்கிறது? இருநூற்றுச் சொச்சம் ஏக்கருக்கு வருஷா வருஷம் நல்ல கறவை மாடு ஒன்றின் விலை போய்விடும். ஊரில் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். உன்னிடம் உள்ளதைச் சொல்கிறேன். வரிக்காக நான் இந்தக் குளிரில் வந்து படுக்கவில்லை. வெண்டெல் க்ரூகரின் மூக்கை உடைக்க வந்தேன்.

நம் ஊர்ப் பள்ளியை மூடியபோது உன் அப்பாவும் பள்ளி வாரியத்தில் இருந்தார். புதுப் பள்ளி என்று ஒன்று வந்தால் ஹார்மன் கார்னர்ஸில்தான் வரும் என்று தலைவர் வெண்டெல் சர்ச்சில் வைத்துக் கையைப் பிடித்துச் சொன்னான். அதை நம்பி அப்பா மூடுவதற்குக் கை தூக்கினார். அந்த ஒரு கையால்தான் பள்ளி மூடியது. அதற்குப் பிறகு ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் நம் மேஜைக்கு யாரும் வரவில்லை. இந்த ஊரில் யாரும் சண்டை போட மாட்டார்கள், சிரித்துக்கொண்டே வேறு மேஜைக்குப் போய்விடுவார்கள். சாகும்வரை அவர் என்னோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்து மேஜையில் இருந்த வெண்டெல், அது நான் கொடுத்த வாக்கு, ஆர்லன் மேல் தப்பில்லை என்று ஒரு தடவை வாய் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. இப்போது கட்டடத்தையும் தன் ஊரிலேயே தன் வீட்டுக்கு எதிரே கட்டப் பார்த்தான்.

போன வாரம் இங்கே வந்தான். காப்பி கொடுத்தேன். "கட்டடம் வந்தா நம்ம ஜோலீனுக்குக் கிண்டர்கார்டன் டீச்சர் வேலை. அவளே ஃபோன் பண்ணிக் கேட்டா. நான் பாத்துக்கறேன், ஆர்டிஸ். பேரனைப் பக்கத்துலயே வெச்சுக் கொஞ்சலாம்ல" என்றான்.

நீ ஊருக்குத் திரும்பி வர நினைக்கிறாய் என்பது அவன் வாயால்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என்னிடம் கேட்காமல் போயும் போயும் அவனிடம் கேட்டாயே. ஆனாலும் இரண்டாவது கோப்பையும் ஊற்றினேன், ஒரு தட்டு நிறைய ஓட்ஸ் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பினேன். யார் கழுத்தை நாம் அறுக்கப் போகிறோமோ அவனைக்கூட வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மடையன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஆர்டிஸே நம் பக்கம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். நம் சாலைப் பக்கம் அதற்குப் பிறகு ஓட்டுக் கேட்கவே அவன் வரவில்லை.

நான் போனேன். சீவர்சன் சகோதரர்கள் ஞாபகம் இருக்கிறதா, கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஹில்மரும் ஆர்வெலும்? ஓட்டுப் போட்டே பல வருஷம் ஆயிற்று என்றார்கள். சுடச்சுட ஆப்பிள் பை செய்து எடுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போடக் கூப்பிட்டேன். "நீ வெண்டெல் பக்கம்னு சொன்னாங்களே?" என்று ஹில்மர் இழுத்தான். "அதெல்லாம் அப்புறம் பேசலாம், பை ஆறிப்போறதுக்குள்ள ஓட்டைப் போட்டுட்டு வரலாம், வண்டியை எடு" என்றான் ஆர்வெல்.

ஓட்டுச் சாவடி மறைப்புக்குள் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். ஆம் என்று போட்டால் நீ வருவாய், டோபி வருவான். வெண்டெல் வாக்குக் கொடுத்திருக்கிறான். அதே வாய், உன் அப்பாவுக்குக் கொடுத்த அதே வாய். அவன் தயவில் நீ வேலை பார்ப்பதையும், அதற்காக நான் அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதையும் நினைத்துப் பார்த்தேன். இல்லை என்று போட்டேன்.

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வெண்டெல் பக்கம் தோற்றது. நான் கொண்டுபோனது, என்னுடையதையும் சேர்த்து, மூன்று.

இன்று காலை தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். காலித் தட்டு! இந்த ஊரில் யாராவது காலித் தட்டைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்திருக்கிறாயா? முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நீ பிஸ்கட் குடுத்தியே, ஆர்டிஸ்!" என்றான். குடுத்தேன், நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். வண்டியேறிப் போனான். ஆர்லன் போனபிறகு நான் பசித்துச் சாப்பிட்டது இன்று மத்தியானம்தான்.

பிள்ளைகள் இப்போது போகும், வெண்டெல் ஊர்ப் பழைய பள்ளியின் கூரை ஒழுகுகிறது, எனக்கும் தெரியும். பிள்ளைகள் பாவம்தான். மறுபடியும் வாக்கெடுப்பு வைப்பார்களாம். அவன் தலைவராக இருக்கும்வரை மறுபடியும் இல்லை என்றுதான் போடுவேன். இதற்காக நான் வருந்துகிறேன் என்று எழுதினால் அது பொய்.

இந்நேரம் உனக்கு என் மேல் ஆத்திரம் பொங்கும். பொங்கட்டும். ஆனால் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிடாதே, ஜோலீன். நேரில் வந்து திட்டு. டோபியையும் கூட்டிக்கொண்டு வா. திட்டி முடிக்க எத்தனை நாள் ஆனாலும் சரி, இங்கேயே இருந்து திட்டு.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
ஆர்டிஸ்